புதுப்பிப்பு: ஊதியத்துடன் முனைவர் பட்ட ஆய்வு இடம் கிடைத்துவிட்டது

ஜெர்மனியில் பொருளறிவியல் (மெட்டீரியல்ஸ் சயின்ஸ்) முதுகலை முடிக்கும் தறுவாயில், ஐரோப்பாவில் ஊதியத்துடன் ஆய்வு இடம் தேடுவது எப்படி என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. நெதர்லாந்தில் இடம் கிடைத்துவிட்டது: நான்காண்டு ஒப்பந்தம், மாதச் சம்பளம்.

ஐரோப்பிய ஆய்வு வேலைகளை வெளியிடும் 'யூராக்செஸ்' தளத்தைத் தினமும் பாருங்கள் என்றீர்கள், அங்கேதான் கண்டேன். மேரி கியூரி முனைவர் வலையமைப்பு இடம் அது; அதாவது, ஐரோப்பிய ஒன்றிய நிதியில் பல நாட்டு நிறுவனங்கள் சேர்ந்து முனைவர் பட்ட ஆய்வாளர்களை எடுக்கும் திட்டம். ஒரு விதியை நான் கவனிக்கவே இல்லை. பணியில் சேர்வதற்கு முந்தைய 36 மாதங்களில், ஆய்வு நடக்கும் நாட்டில் 12 மாதங்களுக்கு மேல் வாழ்ந்திருக்கவோ படித்திருக்கவோ கூடாது. ஜெர்மனி இடம் எனக்கு அதனால்தான் கைநழுவியது. அதே வலையமைப்பில் நெதர்லாந்து இடத்துக்குத் தடையில்லை! விண்ணப்பிக்கும் முன் நாள்களை எண்ணிப் பாருங்கள்.

நேர்காணலில் என் ஆய்வேட்டின் நுண்ணோக்கிப் படம் ஒன்றைத் திரையில் காட்டி, "இந்தக் கறுப்புப் புள்ளி துளையா, மாசா?" என்று கேட்டார்கள். இருபது நிமிடம் அதிலேயே போயிற்று. மதிப்பெண்ணைப் பற்றி ஒரு கேள்வியும் இல்லை. சொந்த ஆய்வேட்டை மறுபடி வரிவரியாகப் படித்துவிட்டுப் போங்கள்.

விசா வந்ததும் அந்த நடைமுறையையும் எழுதுகிறேன்.