சோமாசிக்குள் சீஸ் வைத்த கதை

கும்பகோணத்திலிருந்து:

போன தீபாவளிக்கு மறுநாள். சோமாசிக்குப் பிசைந்த மாவு மிச்சம் இருந்தது, பூரணம் தீர்ந்துவிட்டது. இனிப்பைப் பார்த்தாலே வீட்டில் எல்லோரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். சரி, காரமாகச் செய்வோம் என்று கோஸ், கேரட், குடைமிளகாய் எல்லாவற்றையும் பொடியாக நறுக்கி வதக்கி, சீஸைத் துருவிப் போட்டு அடைத்தேன். அத்தை எட்டிப் பார்த்து, "ஏம்மா, சோமாசிக்குள்ள பொரியலையா வச்சு மூடுற?" என்றார்கள்.

முதல் ஈட்டில் நான்கு போட்டேன். அரை நிமிடத்தில் ஒன்று வாயைப் பிளந்தது. எண்ணெய் நுரைத்துப் பொங்க, சீஸ் வாணலியின் அடியில் போய்க் கருகிப் பிடித்துக்கொண்டது. முழங்கையில் தெறித்த இடம் கார்த்திகை வரை கறுத்தே இருந்தது.

தப்பு தண்ணீரில்தான். கோஸில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். உப்பு பட்டதும் அது கசியத் தொடங்கிவிடும். போதாததற்குச் சூட்டோடு அடைத்திருக்கிறேன். அந்த ஆவியில் மாவின் உட்புறம் ஊறி, ஒட்டிய விளிம்பு எண்ணெயில் விட்டுக்கொண்டது.

இப்போது செய்கிற விதமே வேறு. கோஸுக்கு முதலில் உப்புப் பிசறிப் பத்து நிமிடம் வைத்து ஒட்டப் பிழிகிறேன். பெரிய தீயில் மூடாமல் வதக்கி, கடைசியில் ஒரு கரண்டி பொட்டுக்கடலை மாவு தூவினால் மிச்ச ஈரத்தை அது இழுத்துக்கொள்ளும். தட்டில் பரப்பி, கை வைத்தால் சில்லென்று இருக்கும்வரை ஆறவிட்ட பிறகுதான் சீஸ். சீஸிலேயே உப்பு உண்டு, அதனால் காய்க்குப் பாதி உப்பு போதும். மைதா கால் கிலோவுக்கு மூன்று மேசைக்கரண்டி நெய்யைக் காய்ச்சி ஊற்றிப் பிசறுகிறேன். மாவைக் கையில் பிடித்தால் கொழுக்கட்டை போல நிற்க வேண்டும். விளிம்பில் தண்ணீர் தொட்டு அழுத்தி ஒட்டியபிறகே சோமாசிக் கரண்டியின் சக்கரத்தை ஓட்டுவது. என் பாட்டி கொடுத்த பித்தளைக் கரண்டி அது, பல் கொஞ்சம் தேய்ந்திருக்கிறது.

மன்னார்குடியிலிருந்து:

அக்கா, எனக்கும் இதே கதைதான். நான் பாதி சீஸ், பாதி பனீர் என்று மாற்றிவிட்டேன். பனீர் சூட்டில் உருகாது, அதனால் பூரணம் ஓடாமல் நிற்கிறது. வெறும் பனீர் மட்டும் போட்டால் சப்பென்று இருக்கும். பச்சை மிளகாயும் மிளகும் தாராளமாக வேண்டும். தீ மிதமாக இருக்கட்டும். ஒரு சிட்டிகை மாவைப் போட்டால் அது நிதானமாக மேலே வர வேண்டும், விருட்டென்று வந்தால் எண்ணெய் அதிகம் காய்ந்துவிட்டது.

தஞ்சாவூரிலிருந்து:

நான் பேக்கரி பப்ஸ் போலவே செய்யத் துணிந்தவன். அதுவும் சித்திரை வெயிலில்! மாவுக்கு நடுவில் வெண்ணெயை வைத்து, மூன்றாக மடித்து மடித்துத் தேய்க்க வேண்டும். அடுக்குக்கு அடுக்கு வெண்ணெய் தனியே நின்றால்தான், அடுப்புச் சூட்டில் அதிலுள்ள தண்ணீர் ஆவியாகி அடுக்குகளைத் தூக்கும். என் சமையலறையில் வெண்ணெய் இரண்டாவது மடிப்பிலேயே உருகி மாவோடு கலந்துவிட்டது. 200 டிகிரியில் வைத்தும் உப்பவில்லை. பிஸ்கட் மாதிரி வந்தது. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் அதையும் விடவில்லை என்பது வேறு விஷயம்.

மார்கழியில் விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து மறுபடி செய்தேன். ஒவ்வொரு மடிப்புக்கும் நடுவே அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்தேன். மேலே இரண்டு கீறல் போட்டதால் ஆவி அந்த வழியாகவே போய்விட்டது, சீஸ் வெளியே வரவில்லை. எட்டில் ஆறு நன்றாக உப்பின. மற்ற இரண்டை அம்மா டீயில் நனைத்துச் சாப்பிட்டார்.