ஏரியோலுக்குத் தமிழ்: ‘முட்கண்’ போதுமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

ஏரியோலுக்குத் தமிழ்ச் சொல் தேடி மூன்று நாளாக ஓடும் இந்த இழையை இன்றுதான் முழுதாகப் படித்தேன். ஏரியோல் என்றால் காக்டஸில் முள் கிளம்பும் சின்னத் திண்டு. அதற்கு இதுவரை வந்திருக்கும் பரிந்துரைகள் மூன்று: சிறுபுலம், முள்மெத்தை, முட்கணு. என் பங்குக்கு நான்காவதாக ஒன்று வைக்கிறேன்: முட்கண்.

“முள் முளைக்கிற புள்ளி, அவ்வளவுதானே, அதற்குப் போய் ஒரு கலைச்சொல்லா?” என்று ஒருவர் கேட்டிருந்தார். எங்கள் மாடித்தோட்டக் குழுவுக்காக வீட்டில் காக்டஸ் வளர்ப்பது பற்றி ஒரு சிறு கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். முதல் பக்கத்திலேயே மாட்டிக்கொண்டேன். நாம் கள்ளி என்று தொன்றுதொட்டுச் சொல்லிவருவது பால் வடியும் யூஃபோர்பியா வகைகளை: சதுரக்கள்ளி, திருகுகள்ளி, இலைக்கள்ளி. குறுந்தொகையில் செங்கால் பல்லி துணையை அழைக்கும் ‘கள்ளியங் காடு’ இந்தக் கள்ளிதான். காக்டஸோ, ஒன்றிரண்டு தவிர, அமெரிக்கச் சரக்கு. சப்பாத்திக்கள்ளி கடல் கடந்து வந்தபோது, சதையையும் முள்ளையும் பார்த்து அதற்கும் கள்ளி என்றே பெயர் வைத்துவிட்டோம். ரணகள்ளி பாவம், இரண்டிலும் சேராதது. நர்சரியில் மூன்றும் ஒரே வரிசையில் உட்கார்ந்திருக்கின்றன.

சரி, எப்படிப் பிரித்துச் சொல்வது? பால் வந்தால் நம் கள்ளி, வராவிட்டால் காக்டஸ் என்பார்கள். ஆனால் மாமிலேரியா என்ற காக்டஸில் சில வகைகளைக் கீறினாலும் பால் வரும். தவிர, கள்ளிப்பால் கண்ணில் தெறித்தால் பார்வைக்கே ஆபத்து. கீறிப் பாருங்கள் என்று கையேட்டில் எழுத எனக்கு மனமில்லை. கீறாமலே காட்டிக்கொடுக்கும் அடையாளம் ஏரியோல்தான். சதுரக்கள்ளியின் விளிம்பில் முள் இரண்டிரண்டாக, கெட்டியான ஒரு திட்டிலிருந்து கிளம்பும். காக்டஸில் முள்ளுக்கு அடியில் ஒரு சின்னத் திண்டு இருக்கும். லென்ஸ் வைத்துப் பார்த்தால் வெல்வெட் துணியைக் கத்தரித்து ஒட்டியதுபோலப் பஞ்சு தெரியும். காக்டஸ் குடும்பத்துக்கு மட்டுமே உரியது அது. ஆகவே, இந்தச் சொல் இல்லாமல் என் முதல் பக்கம் நகராது.

இனி பரிந்துரைகள். சிறுபுலம் லத்தீனுக்கு விசுவாசமான சொல். அங்கே ஏரியோலின் மூலச்சொல்லுக்குச் சிறிய வெளி என்றுதான் பொருள். அதை முன்வைத்த பேராசிரியர் ஐயா மன்னிக்க வேண்டும், மாடியில் பூவாளியோடு நிற்பவரிடம் “சிறுபுலத்தில் மாவுப்பூச்சி” என்றால் அவர் பக்கத்து வயலைப் பார்ப்பார். முள்மெத்தை அழகான சொல். ஆனால் அது தோற்றத்தை மட்டும்தான் சொல்கிறது. ஏரியோல் உண்மையில் ஒடுங்கிப்போன ஒரு கிளை. மற்றச் செடிகளில் இலைக்கக்கத்தில் இருக்கும் மொட்டுதான் இங்கே இப்படித் திண்டாகச் சுருங்கியிருக்கிறது. அதன் இலைகள்தான் முள்ளாகிவிட்டன. புதுக்கிளை, பூ, பக்கக்கன்று எல்லாம் பெரும்பாலும் அங்கிருந்தே வருகின்றன.

முட்கணு ரொம்பக் கிட்டத்தில் வந்துவிட்டது. ஆனால் கரும்பு போட்டவர்களுக்குத் தெரியும், கணு வேறு, கண் வேறு. கணு வளையம்; அந்த வளையத்தில் முளைக்கக் காத்திருப்பது கண். அப்பா கரணை வெட்ட உட்காரும்போதெல்லாம் “கண்ணுல கத்தி படாம வெட்டு” என்பார். உருளைக்கிழங்கிலும் அதே கண்தான். வேளாண் துண்டறிக்கைகளில் இதைப் பரு என்கிறார்கள், ஒருபருக் கரணை, இருபருக் கரணை என்று. முட்பரு என்று வைத்துவிடலாமா என ஒரு நிமிடம் சபலம் தட்டியது. ஆனால் மாமிலேரியாவின் உடம்பெங்கும் காம்பு காம்பாகப் புடைத்திருக்கிறதே, ட்யூபர்கிள், அதற்குப் பரு தேவைப்படுகிறது. அதை இப்போதே செலவழிக்க வேண்டாம்.

வெறும் ‘கண்’ போதாதா என்று கோவை அம்மா கேட்டிருந்தார். “மருந்து கண்ணில் படும்படி அடிக்கவும்” என்று கையேட்டில் இருந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

முள்ளே இல்லாத காக்டஸுக்கு என்ன செய்வது? இது நியாயமான ஆட்சேபம். ஆஸ்ட்ரோஃபைட்டம் ஆஸ்டெரியாஸில் முள் கிடையாது, வரிசையாக வெள்ளைப் பஞ்சுப் பொட்டுகள் மட்டுமே. இலங்கைக் காடுகளில் மரத்திலிருந்து தொங்கும் ரிப்சாலிஸ் என்ற காக்டஸிலும் வளர்ந்த கொடியில் முள்ளைப் பார்க்க முடியாது. இருந்தாலும், எள்ளின் நெய்தான் எண்ணெய்; தேங்காய் எண்ணெயில் எள் எங்கே என்று யாரும் கேட்பதில்லை. மண்ணெண்ணெய் வரைக்கும் வந்துவிட்டோம். முள்ளில்லாத முட்கண் இருந்துவிட்டுப் போகட்டும்.

ஒரு சொல்லை வாக்கியத்தில் போட்டுப் பார்த்தால்தான் தெரியும். கையேட்டிலிருந்து இரண்டு:

“மாவுப்பூச்சி முட்கண்ணின் பஞ்சுக்குள் ஒளிந்திருக்கும். ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சுக்குச்சியால் ஒவ்வொரு முட்கண்ணையும் தொட்டுவிடுங்கள்.”

“சிவப்புத் தலை ஒட்டுக்கட்டிய காக்டஸில், கீழே இருக்கும் டிராகன் பழத்தண்டின் முட்கண்ணிலிருந்து பச்சைத் தளிர் வந்தால் உடனே கிள்ளிவிடுங்கள். விட்டால் அதுவே சத்தையெல்லாம் எடுத்துக்கொள்ளும். பச்சையமில்லாத தலை தானாக உணவு செய்துகொள்ளாது.”

எனக்கு உறுத்தவில்லை. உங்களுக்கு?

அப்புறம், க்ளாக்கிட். சப்பாத்திக்கள்ளி வகைகளின் முட்கண்ணில் பெரிய முள்ளைத் தவிர, கொத்தாக இருக்கும் மயிரிழை முட்கள். இதற்குத் ‘தூண்டில்நுண்முள்’ என்று முன்பு ஒரு பரிந்துரை வந்தது. நுனியில் எதிர்வாட்டாகச் செதில்கள் இருப்பதால் தூண்டில் என்பது சரிதான். ஆனால் போன மாதம் முயல்காதுக் காக்டஸைத் தொட்டி மாற்றினேன். முள் இல்லையே, மஞ்சள் பஞ்சுப் பொட்டுதானே என்று வெறுங்கையால் பிடித்தேன். விரலிடுக்கெல்லாம் பொன்னிறத் தூசி. அன்று இரவு சோற்றைப் பிசைய முடியவில்லை. ஃபெவிகாலைத் தடவிக் காயவைத்து உரித்ததில் கொஞ்சம் வந்தது, மீதியை அக்கா சாமணத்தால் ஒவ்வொன்றாக எடுத்தாள். எடுக்கும்போதே சொன்னாள்: “சுணை ஒட்டிக்கிட்டா அப்படித்தான், தேய்க்காதே.” மூங்கிலிலும் கரும்புத் தோகையிலும் இருக்கிற அதே சுணை. சொல் வீட்டிலேயே இருந்திருக்கிறது. க்ளாக்கிட்டுக்குச் சுணைமுள் என்று எழுதிவிட்டேன், இதில் விவாதத்துக்கு இடமிருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

ஒரு சிக்கல் பாக்கி. மாமிலேரியாவில் முள் பருவின் நுனியில் இருக்கும், பூ மட்டும் பருக்களுக்கு நடுவே உள்ள பள்ளத்திலிருந்து வரும். ஒரே ஏரியோல் இரண்டாகப் பிரிந்து, முள் பங்கு மேலேயும் பூ பங்கு கீழேயும் போய்விட்டது. அங்கே “முட்கண்ணில் பூக்கும்” என்று எழுதினால் தப்பு. நுனியில் இருப்பதை முட்கண் என்றும் பள்ளத்தில் இருப்பதைப் பூக்கண் என்றும் சொல்லலாமா? சிறுபுலத்தையோ மெத்தையையோ வைத்து இப்படிப் பிரிக்க முடியுமா என்று முயன்று பார்த்தேன், வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கையேடு அச்சுக்குப் போகிறது. பூக்கண்ணுக்கு ஆட்சேபம் இருப்பவர்கள் அதற்குள் எழுதுங்கள். தண்டிலும் இலையிலும் நீரைச் சேர்த்துவைக்கும் செடிகளைச் சொல்கிறார்களே, சக்குலண்டு, அதற்கு என்ன தமிழ் என்பதை மட்டும் தயவுசெய்து இந்த இழையில் கிளப்பாதீர்கள்.