எச்பி5 பிலிம் ரோலில் வானம் முழுக்க கிரெயின் (மணல் போன்ற புள்ளிகள்), எங்கே தப்பு?

கேள்வி:
35 மிமீ இல்ஃபோர்டு எச்பி5 பிளஸ் கருப்பு வெள்ளைப் பிலிம், ஐஎஸ்ஓ 400-லேயே எடுத்தது. ரோடினால் டெவலப்பர் 1+25 (ஒரு பங்குக்கு 25 பங்கு தண்ணீர்), 6 நிமிடம். தண்ணீர் குழாயில் வந்தபடியே, 28 டிகிரி. ஸ்கேனில் நிழல் பகுதி பரவாயில்லை, வானம் மட்டும் மணலை வாரி இறைத்தது போல இருக்கிறது. ஸ்டாண்ட் முறையில் (டேங்கை அசைக்காமல் நெடுநேரம் விட்டு) கழுவினால் குறையுமா?

பதில் 1:
அந்த 6 நிமிடம் 20 டிகிரிக்கான கணக்கு. 28-ல் ஏறக்குறைய பாதி நேரமே போதும். ரோல் வெந்துவிட்டது! வெளிச்சம் அதிகம் பட்ட இடத்தில் வெள்ளி கனமாகப் படிந்திருக்கும், அதனால்தான் வானத்தில் உறுத்துகிறது. நெகட்டிவைச் செய்தித்தாள்மேல் வைத்துப் பாருங்கள். வானத்தின் கருப்பு வழியே எழுத்து மங்கலாகவாவது தெரிய வேண்டும்.

பதில் 2:
ரோடினாலும் ஒரு காரணம். அது கிரெயினைக் கரைக்காது, உள்ளதைக் கூர்மையாகக் காட்டும். டி-76 என்ற இன்னொரு டெவலப்பரில் லிட்டருக்கு 100 கிராம் சோடியம் சல்பைட் இருக்கிறது, அது வெள்ளி உப்பின் ஓரங்களைக் கரைத்து மழுக்கிவிடும். எச்பி5-க்கு 20 டிகிரியில் ஸ்டாக் (தண்ணீர் சேர்த்து நீர்க்காதது) 7½ நிமிடம், 1+1 என்றால் 11. ஸ்டாக்கில்தான் கிரெயின் இன்னும் மென்மை. ஆனால் 24 டிகிரியில் அது 5 நிமிடத்துக்கு வந்துவிடும், அவ்வளவு குறைந்த நேரத்தில் திட்டுத்திட்டாக விழ வாய்ப்புண்டு. 20-க்கு இறக்க முடியாதவர்கள் 1+1, 24 டிகிரி, சுமார் 8 நிமிடம் வைத்துக்கொள்ளலாம்.

ஐஸை டெவலப்பருக்குள் போடாதீர்கள், விகிதம் கெட்டுவிடும். டப்பில் ஐஸ் தண்ணீர் வைத்து, டெவலப்பர், ஸ்டாப், பிக்ஸர், அலசும் தண்ணீர் எல்லாவற்றையும் அதில் நிறுத்தி ஒரே சூட்டுக்குக் கொண்டுவாருங்கள்.

பதில் 3:
ஸ்டாண்ட் வேண்டாம். கான்ட்ராஸ்ட் அடங்கலாம், ரோடினாலின் கிரெயின் அடங்காது. அசையாமல் கிடந்தால் பிலிம் ஓரத் துளைகளிலிருந்து கோடு இழுக்கும் தொல்லை வேறு. அதைவிட, அடுத்த ரோலை ஐஎஸ்ஓ 200-ல் எடுத்து நேரத்தை 15 முதல் 20 சதவீதம் குறையுங்கள். ஸ்கேனரில் ஷார்ப்பனிங்கை அணைத்துவிடுங்கள், பாதி மணல் அங்கேயிருந்தும் வரும். ஸ்கேனரில் தூசி நீக்கும் 'டிஜிட்டல் ஐஸ்' (ICE) வசதியையும் தொடாதீர்கள், கருப்பு வெள்ளைப் பிலிமின் வெள்ளியையே அது தூசி என்று எடுத்துக்கொள்ளும்.

கேட்டவர்:
செய்தித்தாளில் ஓர் எழுத்தும் தெரியவில்லை. டி-76 ஸ்டாக் கைவசம் இருக்கிறது. ஒரு ரோலுக்கு எவ்வளவு?

பதில் 2:
பேட்டர்சன் டேங்க் என்றால் 35 மிமீ ரோலுக்கு 290 மிலி வேண்டும். 150 ஸ்டாக், 150 தண்ணீர். முதல் 10 விநாடியில் 4 முறை கவிழ்த்து, பிறகு ஒவ்வொரு நிமிடத் தொடக்கத்திலும் அதேபோல். கலந்ததை ஒரு தடவையோடு கொட்டிவிடுங்கள். பழைய ரோலின் கிரெயினை இனி எந்த மருந்தாலும் எடுக்க முடியாது, சின்ன அளவில் பிரிண்ட் போட்டால் தப்பிக்கலாம்.