மறுமொழி: வினீருக்குத் தமிழ்ச்சொல் – ‘மர ஏடு’ என்று வைக்கலாமா?

நண்பர்களுக்கு வணக்கம். வினீர் (veneer) என்பது பலகைமேல் ஒட்டும் மெல்லிய மரச்சீவல். அதற்குத் தமிழ்ச்சொல் தேடும் பேச்சில் ஒருவர் இப்படி எழுதியிருந்தார்:

> வினீர் = போலி மரப்பூச்சு. மட்ட மரத்தை மறைக்கத்தானே ஒட்டுகிறார்கள்?

இதை என்னால் ஏற்க முடியவில்லை. செங்கோட்டையில் பழைய மரச்சாமான்களை வாங்கி, செப்பனிட்டு விற்கிறேன். 1956 நவம்பர் 1 வரை மலையாளக் கரையோடு இருந்த ஊர் இது. இன்றும் எனக்குச் சரக்கு அந்தப் பக்கமிருந்துதான் வருகிறது.

போன மாதம் கொல்லத்திலிருந்து ஆரியங்காவு வழியாக ஒரு வக்கீல் ஆபீஸ் மேசை வந்தது. கால், சட்டம் எல்லாம் தேக்கு. மேற்பலகை மட்டும் ஈட்டி மரம் (ரோஸ்வுட்). ஆனால் மேலே ஓடிய ரேகை விளிம்பில் இறங்கித் தொடரவில்லை. முழு மரமென்றால் தொடர்ந்திருக்கும். ஒரு மூலை கிளம்பியிருந்தது. நகத்தை விட்டுப் பார்த்தேன், மேலே ஒட்டியிருந்த வினீர் ஒரு ரூபாய் நாணயத்தின் கனம் இருந்தது. இப்போது கடையில் கிடைப்பது அரை மில்லிமீட்டர் தேறினால் பெரிது. ஆசாரி இழுப்பறையை உருவிக் கவிழ்த்து, “பாருங்க அண்ணாச்சி, ஒரு ஆணி கிடையாது. மூலைக்கு மூலை பல்லுக்குப் பல்லு கோத்திருக்கான்” என்றார். அப்புறம் கிளம்பிய இடத்தில் ஈரத்துணியைப் போட்டு, சூடான இஸ்திரிப் பெட்டியை வைத்து அழுத்தினார். உள்ளிருந்த பழைய வச்சிரம் (மரவேலைப் பசை) இளகி மறுபடி பிடித்துக்கொண்டது.

இதையா போலி என்பது? அகலமான ஈட்டிப் பலகை மழைக்கு உப்பும், வெயிலுக்குச் சுருங்கி வெடிக்கும். மெல்லிசாக எடுத்து, அசையாத அடிப்பலகையில் ஒட்டினால் அந்தத் தொல்லை குறைவு. அமெரிக்க வடிவமைப்பாளர்களான சார்லஸ், ரே ஈம்ஸ் தம்பதியின் புகழ்பெற்ற சாய்வு நாற்காலி 1956-ல் வந்தபோது, வளைத்த ஒட்டுப்பலகைமேல் (பிளைவுட்) ஈட்டி வகை மரத்தைத்தான் போர்த்தியிருந்தது. மட்டமான வேலையும் உண்டு, மறுக்கவில்லை. அது வேலையின் குற்றம். பெயரிலேயே பழியை ஏற்றக் கூடாது.

மற்ற சொற்கள்: ‘பூச்சு’ என்றால் வார்னிஷ் என்றே படும். ‘மரத்தோல்’ பட்டையைக் குறித்துவிடும். ‘மேலொட்டு’ பரவாயில்லை, ஆனால் மைக்காவும் மேலே ஒட்டுவதுதான். பழைய மேசை வாங்குகிறவருக்கு முதலில் தெரியவேண்டியதே மேலிருப்பது மரமா, மைக்காவா என்பது.

‘மர ஏடு’ எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. பாலேட்டில் மேலே படிந்த மெல்லிசு இருக்கிறது, ஓலை ஏட்டில் அடுக்கு இருக்கிறது. ஒட்டுப்பலகையை ‘ஐந்து ஏட்டுப் பலகை’, ‘ஏழு ஏட்டுப் பலகை’ என்று பிரித்துச் சொல்லலாம். அடுத்தடுத்துச் சீவிய இரண்டு ஏடுகளைப் புத்தகம் விரித்தாற்போல் வைத்து, ரேகை கண்ணாடியில் தெரிவதுபோல எதிரெதிராக அமையும்படி ஒட்டுவார்கள். அதற்கு ‘ஏடு விரிப்பு’ என்ற சொல் தானாகவே கிடைக்கிறது. வினைக்கு ‘ஏடு போர்த்திய மேசை’.

ஒரே ஒரு சிக்கல். புணர்ந்தால் ‘மரவேடு’ ஆகிவிடும். பானை வாயில் கட்டும் துணிக்கும் ‘வேடு’ என்று பெயர் உண்டு. பிரித்தே எழுதலாம் என்பது என் எண்ணம். இலக்கணம் அறிந்தவர்கள் இதை மட்டும் பார்த்துச் சொல்லுங்கள்.