புதுப்பிப்பு: தகரத் தட்டில் வைத்த மதர்போர்டு அணைந்த பிரச்சினை தீர்ந்தது

பாளையங்கோட்டையில் வீட்டு மாடியில் தொடங்கிய எங்கள் சிறு நிறுவனத்தின் சர்வர் பற்றிப் போன மாதம் கேட்டிருந்தேன். தகரத் தட்டில் அட்டை விரித்து வைத்த நான்கு பழைய மதர்போர்டுகளில் (கணினியின் முதன்மைச் சுற்றுப்பலகை) ஒன்று தானாக அணைந்துகொண்டே இருந்தது. உதவிய எல்லோருக்கும் நன்றி.

எஸ்.எம்.பி.எஸ். (மின்சாரம் தரும் பெட்டி), ராம் (நினைவகம்) இரண்டையும் மாற்றினோம், பலன் இல்லை. "அட்டையைத் தூக்கிப் பாருங்கள்" என்று ஒருவர் சொன்னதுதான் சரி. அட்டை நமத்து நைந்து, போர்டின் அடியிலுள்ள ஈய முனைகள் தகரத்தில் பட்டு ஷார்ட் ஆகியிருந்தது. கூகுள் 1999-ல் ஒரு தட்டுக்கு நான்கு போர்டு வைத்தபோது கார்க் (தக்கை) விரித்ததும் இதைத் தடுக்கத்தான். நாங்கள் பித்தளை ஸ்டாண்ட்-ஆஃப் (போர்டைத் தட்டிலிருந்து தூக்கிப் பிடிக்கும் சிறு தூண்) போட்டோம், போர்டின் திருகுத் துளைகளில் மட்டும். 12 நாளாக ஒருமுறைகூட அணையவில்லை.

எதிர்பாராதது: அடியில் காற்று புகுவதால் சூடும் குறைந்துவிட்டது.