ஐந்து படங்கள், ஐந்து ஞாயிறுகள்: என் ஆஸ்கர் வரிசையில் எங்கே தவறு?

ஞாயிறுக்காட்சி (கேள்வி):

அம்மாவுக்கு ஆங்கில சப்டைட்டில் வாசிக்க வராது. வெளிநாட்டுப் படம் போட்டால் நான் பக்கத்தில் உட்கார்ந்து வரிக்கு வரி தமிழில் சொல்லிக்கொண்டே வருவேன். இப்படியே 2019 பிப்ரவரியில் நடந்த 91ஆவது ஆஸ்கரில் அயல்மொழிப் படப் பிரிவில் போட்டியிட்ட ஐந்தையும் ஐந்து ஞாயிறுகளில் பார்த்து முடித்தோம். (அந்தப் பெயரில் விருது கொடுத்தது அதுவே கடைசி. அடுத்த ஆண்டிலிருந்து 'சர்வதேசத் திரைப்படம்' ஆகிவிட்டது.)

என் வரிசை இது. முதலில் ஜப்பானின் 'ஷாப்லிஃப்டர்ஸ்'. அந்தக் குடும்பம் வாணவேடிக்கை பார்க்க வாசலுக்கு வரும். சுற்றிலும் உயரமான கட்டடங்கள். வெடிச்சத்தம் மட்டும்தான் கேட்கும். ஆறு பேரும் ஒன்றும் தெரியாத வானத்தை அண்ணாந்து பார்ப்பார்கள், கேமரா மேலிருந்து அவர்களைப் பார்க்கும். நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அம்மாவும் என்ன பேசுகிறார்கள் என்று கேட்கவில்லை. பிறகு விசாரணை அறையில், "குழந்தைகள் உங்களை என்னவென்று கூப்பிட்டார்கள்?" என்ற கேள்விக்குப் பதில் சொல்ல முடியாமல், அம்மாவாக நடித்த சகுரா ஆண்டோ உள்ளங்கையால் முகத்தைத் துடைத்துத் துடைத்து அழுவார். அதற்கு மேல் ஒரு நடிகையிடம் என்ன கேட்பது?

இரண்டாவது, விருது வாங்கிய மெக்சிகோவின் 'ரோமா', ஒரு வீட்டு வேலைக்காரப் பெண்ணின் கதை. மூன்றாவது போலந்தின் 'கோல்ட் வார்'. ஒரே பாட்டு கிராமத்துச் சிறுமி வாயில் ஒரு விதமாக, அரசாங்கக் குழுவின் மேடையில் ஒரு விதமாக, பாரிஸ் மதுக்கூடத்தில் வேறு விதமாக வரும். காதல் கெட்டுப்போவதை அந்தப் பாட்டே சொல்லிவிடுகிறது. ஆனால் ஒவ்வொரு சட்டகமும் அழகாக இருந்தே தீருவேன் என்று அடம்பிடிக்கிறது.

நான்காவது லெபனானின் 'கேப்பர்நம்' (நம் பைபிளில் கப்பர்நகூம் என்று வரும் அதே ஊர்ப்பெயர்). பெற்ற தாய் தந்தையர் மேலேயே வழக்குப் போடும் சிறுவன். கண்ணீரைக் கழுத்தைப் பிடித்து வாங்குகிற படம் என்று தோன்றியது. ஐந்தாவது ஜெர்மனியின் 'நெவர் லுக் அவே'. மூன்று மணி நேரத்துக்கும் மேல். என் தொண்டை கட்டிவிட்டது.

அம்மாவின் வரிசை வேறு. 'கேப்பர்நம்' முதலிடம், 'ரோமா' கடைசி. "அந்தப் பெண்ணுக்கு வாயே இல்லை. ஊமையை வைத்து எதற்கு இவ்வளவு பெரிய படம்?" என்றார். எங்கள் இருவரில் யார் பார்த்தது பிசகு?

கடைசிவரிசை:

ஐந்தாவது இடத்தில் 'நெவர் லுக் அவே' என்பதில் சண்டையில்லை. நாஜிகளின் நச்சுவாயு அறைக்குள்ளேயே கேமராவைக் கொண்டுபோய், அதை டிரெஸ்டன் நகரக் குண்டுவீச்சோடு மாற்றி மாற்றி வெட்டிக் காட்டுகிற இயக்குநருக்கு எங்கே நிறுத்துவது என்று தெரியவில்லை. 'தி லைவ்ஸ் ஆஃப் அதர்ஸ்' எடுத்த அதே மனிதர் என்பதுதான் வருத்தம். பஸ் ஓட்டுநர்கள் எல்லாரும் சேர்ந்து ஹாரன் அடிக்கும் காட்சிக்காக மட்டும் பாதி மன்னிப்பு.

அந்த ஐந்தில் மூன்று ஒளிப்பதிவு விருதுக்கும் பரிந்துரையானவை: ரோமா, கோல்ட் வார், இந்த ஜெர்மன் படம். படம் பளபளவென்று இருந்தால் ஆஸ்கர் கொடுக்கும் அகாடமிக்குப் போதும் போலிருக்கிறது. ஒன்பது படங்கள் கொண்ட முந்தைய பட்டியலில் கொரியாவின் 'பர்னிங்' இருந்தது. அதைக் கழித்துவிட்டு இதைச் சேர்த்தார்கள். எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

பனங்கற்கண்டு:

உங்கள் அம்மா பக்கம் நான். 'கேப்பர்நம்' கழுத்தைப் பிடிக்கிறது என்கிறீர்களே, நீதிமன்றக் காட்சிகளை மட்டும் சொன்னால் ஒப்புக்கொள்கிறேன். வக்கீலாக இயக்குநர் நதீன் லபாக்கியே வந்து நிற்பதும் எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் நடுவில் ஒரு மணி நேரம் என்ன நடக்கிறது? ஒரு பையன், தன் இடுப்பில் நிற்காத கைக்குழந்தையை வைத்துக்கொண்டு என்ன செய்வான் என்பது மட்டும்தான். சமையல் பாத்திரத்தைச் சறுக்குப் பலகைமேல் கட்டி, அதற்குள் குழந்தையை உட்காரவைத்துத் தெருவில் இழுத்துக்கொண்டு போகிறான். யாரும் அழச் சொல்லவில்லையே.

அந்தப் பையன் ஜெயினாக நடித்தவன் நிஜத்திலும் சிரியாவிலிருந்து வந்த அகதிச் சிறுவன். ஆவணமில்லாத எத்தியோப்பியத் தொழிலாளியாக நடித்த பெண், படப்பிடிப்பு நடந்துகொண்டிருந்தபோதே உண்மையிலேயே ஆவணமில்லை என்று கைதானார். கதையை மிகைப்படுத்தியது யார் என்று நினைத்துப் பாருங்கள்.

தறிச்சத்தம்:

ரோமா பற்றி ஒரு சந்தேகம் கேட்கலாமா? நாயகி கிளியோவும் கூட வேலை செய்யும் அடேலாவும் சமையலறையில் பேசும்போது எந்தத் தமிழில் சொன்னீர்கள்?

கேட்கக் காரணம் இருக்கிறது. அந்தப் படத்தில் இரண்டு மொழிகள். எஜமானர் வீட்டாரிடம் ஸ்பானிஷ். வேலைக்காரப் பெண்கள் இருவரும் தங்களுக்குள் பேசுவது அவர்களுடைய மிஷ்டெக் மொழி, மெக்சிகோவின் பூர்வகுடி மொழி. அதில் கிளியோ கிண்டல் பேசுகிறாள், வம்பு பேசுகிறாள், சிரிக்கிறாள். ஸ்பானிஷுக்கு மாறியதும் "சரிம்மா" அளவுக்குச் சுருங்கிவிடுகிறாள். வீட்டுப் பையன் ஒருவனே "அப்படிப் பேசாதே" என்பான். இரண்டையும் ஒரே தமிழில் சொன்னால் உங்கள் அம்மா காதில் ஊமைதான் விழுவாள்.

படம் வந்தபோது ஸ்பெயினில் நெட்ஃப்ளிக்ஸ், மெக்சிகோ ஸ்பானிஷுக்கு ஸ்பெயின் ஸ்பானிஷில் சப்டைட்டில் போட்டது. இயக்குநர் குவாரோன் கோபப்பட்ட பிறகு எடுத்துவிட்டார்கள். அவர் ஏன் அவ்வளவு கோபப்பட்டார் என்று இதைப் பார்த்தால் புரியும்.

என் அம்மா பதினோரு வருடம் வீட்டு வேலைக்குப் போனவர். போன வீட்டில் அவர் பேசி நான் கேட்டதே இல்லை. திரும்பி வரும்போது தெருமுனையிலேயே அவர் குரல் கேட்கும். அதனால் சொல்கிறேன், ரோமாவுக்கு விருது போனது சரிதான்.

ஞாயிறுக்காட்சி:

தறிச்சத்தம், உங்கள் கேள்வி என்னைச் சரியாகக் குத்திவிட்டது. இரண்டையும் ஒரே புத்தகத் தமிழில்தான் சொல்லியிருந்தேன். இரண்டு மொழி என்பதைக் கவனித்தேன், சொல்ல வேண்டும் என்று தோன்றவில்லை.

நேற்று முதல் முக்கால் மணி நேரத்தை மறுபடி போட்டோம். ஸ்பானிஷுக்குச் செய்தி வாசிப்பது போன்ற தமிழ். பெண்கள் இருவரும் தனியாக இருக்கும்போது அம்மா பிறந்த ஊரான அந்தியூர்ப் பக்கத்துப் பேச்சு. எனக்கு அது அரைகுறையாகத்தான் வரும். இரண்டாவது நிமிடத்திலேயே அம்மா என்னைத் திருத்தத் தொடங்கிவிட்டார். பிறகு அடேலாவின் வரிகளை நான் சொல்ல, கிளியோவின் பதிலை அவரே ஊகித்துச் சொன்னார். பாதிக்கு மேல் சரியாகவே இருந்தது.

குடும்பமே தொலைக்காட்சி பார்க்கும் காட்சி வந்தது. கிளியோ தரையில் மண்டியிட்டு உட்கார்ந்திருப்பாள், பையன் அவள் தோளில் கை போட்டிருப்பான். உடனே வீட்டுக்காரரான டாக்டருக்குத் தேநீர் கொண்டுவா என்பார்கள். அவள் எழுந்து போவாள். போன தடவை இந்த இடத்தில் அம்மா கடிகாரம் பார்த்தார். இந்தத் தடவை, "கொஞ்சம் உட்காரவிட்டால் என்னவாம்?" என்றார். சற்றுக் கழித்து, "பேசத் தெரிந்தவள்தான்" என்றார்.

ரோமாவை அம்மா மூன்றாவது இடத்துக்கு ஏற்றியிருக்கிறார். 'கேப்பர்நம்' முதலிடத்தில் அப்படியே இருக்கிறது, அதில் பேச்சுவார்த்தைக்கு இடமில்லை. பனங்கற்கண்டு சொன்ன பாத்திரக் காட்சிக்காக நானும் அதை ஒரு படி மேலே நகர்த்திவிட்டேன். 'கோல்ட் வார்' ரசிகர்கள் பொறுத்துக்கொள்ளவும்.

கடைசிவரிசை, அடுத்த ஞாயிறு 'பர்னிங்'. இரண்டரை மணி நேரம் என்று இன்னும் வீட்டில் சொல்லவில்லை.