மறு: 'ரீயூனியன்' – மறுகூடலா, மீளிணைவா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

பிரிந்த இசைக்குழு மறுபடி சேர்வதை, அதாவது 'ரீயூனியனை', தமிழில் எப்படிச் சொல்வது என்று பேசும் இந்த மடல் இழையின் தலைப்பில் முதல் மடலுக்குப் பிறகு 'மறு' வந்து உட்கார்ந்துகொண்டிருக்கிறது. அது பதில் மடல் என்பதற்கான குறிதான். ஆனால் இத்தனை மடல்களில் அதையே பார்த்துப் பார்த்து 'மறுகூடல்' தானாகவே வென்றுவிட்டதுபோல் ஒரு மயக்கம் வந்திருக்கிறது. வெல்லவில்லை என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

சண்டை தொடங்கிய இடத்தை ஒருமுறை திரும்பிப் பாருங்கள். ஜெனிசிஸ் என்ற ஆங்கில ராக் குழுவின் பழைய ஐந்து பேரும் இனி ஒரே மேடையில் ஏறுவார்களா என்று இருவர் மோதிக்கொண்டார்கள். 'ரீயூனியன் 2007-லேயே நடந்து முடிந்துவிட்டதே' என்றார் ஒருவர். 'பீட்டர் கேப்ரியலும் ஸ்டீவ் ஹேக்கெட்டும் இல்லாமல் அது என்ன ரீயூனியன்?' என்றார் மற்றவர். நடுவில் புகுந்த ஐயா, 'முதலில் அதற்கு ஒரு தமிழ்ச்சொல் பிடியுங்கள், பிறகு அடித்துக்கொள்ளலாம்' என்றார். ஐயா விளையாட்டாகச் சொன்னார். ஆனால் முடிச்சு அங்கேதான் இருக்கிறது. இருவரும் ஒரே சொல்லைச் சொல்லி வெவ்வேறு நிகழ்ச்சிகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒரு சொல் போதாது என்பதே என் கட்சி. இரண்டாவது வேண்டும்.

கழிக்க வேண்டியதை முதலில் கழித்துவிடுகிறேன். 'ரீயூனியன்' என்றே எழுதலாம் என்றவருக்கு: தமிழில் அப்படி எழுதினால் முதலில் நினைவுக்கு வருவது இந்தியப் பெருங்கடலில் இருக்கும் தீவு. 'ரியூனியன் தமிழர்' என்று நூலகத்தில் தனித் தலைப்பே போடலாம். அந்த இடம் ஏற்கெனவே ஆள் நிறைந்தது.

'மறுகூடல்' பற்றி எனக்குச் சொந்த அனுபவம் உண்டு. ஒரு சிற்றிதழுக்கு எழுதிய கட்டுரையில் நால்வர் கொண்ட ராக் குழு ஒன்றைப் பற்றி 'பிங்க் ஃபிளாய்டின் மறுகூடல்' என்று எழுதி அனுப்பினேன். மெய்ப்பு பார்த்தவர் தட்டச்சுப் பிழை என்று நினைத்து, ஓர் ஒற்று சேர்த்து 'மறுகூட்டல்' ஆக்கிவிட்டார். நால்வரும் தேர்வில் மதிப்பெண் குறைந்து பணம் கட்டி விண்ணப்பித்ததுபோல அச்சில் வந்தது. அவரைக் குறை சொல்ல மாட்டேன். 'மறு' என்று தொடங்கி 'கூட' என்று போகும் சொல்லைப் பார்த்தால் தமிழ்க் கண் அங்கேதான் போகும். ஒரே ஒரு ஒற்றில் இப்படிக் கவிழ்கிற சொல்லைக் கலைச்சொல்லாக வைக்கக் கூடாது.

'மீள்சந்திப்பு' தவறில்லை, ஆனால் வேறு வேலைக்கு உரியது. 2014-இல் ஓர் ஆவணப்படத்துக்காக ஜெனிசிஸின் ஐவரும் ஓரிடத்தில் சேர்ந்து உட்கார்ந்து பழைய கதை பேசினார்கள். பேசினார்கள், அவ்வளவுதான். அது சந்திப்பு.

இனி என் பரிந்துரைக்கு வருகிறேன். ஒரு மாலைக்காகவோ ஒரு சுற்றுப்பயணத்துக்காகவோ கூடி, பழைய பாடல்களை வாசித்துவிட்டுக் கலைந்துபோவது 'கூடல்'. பிரிந்தவர் திரும்பி வந்து, குழு மறுபடி குழுவாக இயங்கி, புதுப் பாடல் எழுதி வெளியிடுவது 'மீளிணைவு'. பிரித்துக் காட்டும் உரைகல் புதுப் பாடல்தான்.

2005 ஜூலை 2, லண்டன் ஹைட் பார்க், லைவ் 8 இசைநிகழ்ச்சி. பிங்க் ஃபிளாய்டின் ராஜர் வாட்டர்ஸ், டேவிட் கில்மோர், நிக் மேசன், ரிக் ரைட் நால்வரும் 1981-க்குப் பிறகு முதல் முறையாக ஒரே மேடையில் நின்றார்கள். நடுவே இருபத்து நான்கு ஆண்டுகள், வழக்கறிஞர்கள், குழுவின் பெயர் யாருக்கு என்ற தகராறு. அன்று வாசித்தவற்றில் ஒன்று பணத்தைப் பற்றிய அந்தப் புகழ்பெற்ற பாட்டு. ஏழு எண்ணிக்கையில் நடக்கும். கர்நாடக இசையின் மிச்ர நடை பழகிய காதுக்குச் சட்டென்று பிடிபடும். கித்தார் தனியாகப் பாயும் இடத்தில் நான்குக்கு மாறும், பிறகு ஏழுக்கே திரும்பும். அந்தத் திருப்பத்தில் யாரும் யாரையும் தேடவில்லை. கால் நூற்றாண்டு நால்வராகச் சேராமல் இருந்தவர்களின் கை மட்டும் எதையும் மறக்கவில்லை. கடைசிப் பாட்டு முடிந்ததும் கில்மோர் நகரப் பார்க்கிறார், வாட்டர்ஸ் கை காட்டி அழைக்கிறார், நால்வரும் தோளில் கை போட்டு வரிசையாக நிற்கிறார்கள். கில்மோரின் முகத்தைக் கவனியுங்கள். கூச்சம் போகவே இல்லை.

இதை 'மீளிணைவு' என்று சொன்னால் பொய். அவர்கள் இணையவில்லை. நான்கு பேராக ஒரு புதுப் பாடலும் அதன்பின் வரவில்லை. 2008 செப்டம்பரில் ரைட் இறந்துபோனார். இனி வரவும் வராது. ஆனால் 'கூடல்' என்று சொல்லிப் பாருங்கள், பொருந்துகிறது. ஏனென்றால் தமிழில் கூடலுக்கு முன்னால் ஊடல் நிற்கும். குறளின் கடைசிப் பாட்டே ஊடிக் கூடுவதில்தான் முடிகிறது. சண்டை போடாதவர்கள் சேர்வதற்குக் கூடல் என்ற சொல் கொஞ்சம் அதிகம். ஆங்கிலச் சொல்லுக்குள் இல்லாத அந்த மனத்தாங்கல் நம் சொல்லுக்குள் ஏற்கெனவே இருக்கும்போது, அதை விட்டுவிட்டு முன்னொட்டுத் தேடி அலைவானேன்?

'கூடலுக்கு அகத்திணை வாசனை அதிகம், தாடி வைத்த கிழவர்களுக்கு ஒட்டுமா?' என்று கேட்டிருந்தார் தோழி. சிரித்துவிட்டேன். ஆனால் முக்கூடலில் ஆறுகள் கூடுகின்றன, மதுரைக்கும் கூடல் என்று பெயர், ஒன்றுகூடல் என்று அழைப்பிதழே அடிக்கிறார்கள். அங்கெல்லாம் யாரும் முகம் சிவப்பதில்லை. தவிர, இந்தச் சொல்லோடு தமிழ் இன்னொரு வசதியைச் சும்மா கொடுக்கிறது. மூவர், நால்வர், ஐவர், எண்மர் என்று ஆளை எண்ணுவதற்கென்றே நமக்குச் சொற்கள் உண்டு. முன்னால் போட்டுவிட்டால் யார் வந்தார், யார் வரவில்லை என்ற பாதிச் சண்டை அங்கேயே தீர்ந்துவிடும். 2007-இல் ஜெனிசிஸில் நடந்தது டோனி பேங்க்ஸ், ஃபில் காலின்ஸ், மைக் ரதர்ஃபோர்ட் மூவர் கூடல். நம் இரண்டாம் நண்பர் ஏங்குவது ஐவர் கூடலுக்கு. இருவரும் சொன்னது சரி.

ஐவர் கூடல் ஒன்று நடந்தும் இருக்கிறது, ஒருவகையில். 1982 அக்டோபர் 2, மில்டன் கீன்ஸ். கேப்ரியல் தொடங்கிய வோமாட் இசைவிழா முதல் ஆண்டிலேயே பெருங்கடனில் மூழ்கியது. அவரை மீட்கப் பழைய கூட்டாளிகள் வந்தார்கள். கேப்ரியலைச் சவப்பெட்டியில் வைத்து மேடைக்குத் தூக்கி வந்தார்கள், ஹேக்கெட் கடைசிப் பாடல்களுக்குத்தான் வந்து சேர்ந்தார். பிரிந்துபோனவனின் கடனை அடைக்கக் கூடியவர்கள்! பணத்துக்காகத்தான் கூடுகிறார்கள் என்று இழையில் ஒருவர் சலித்துக்கொண்டார். ஆமாம், இங்கேயும் பணத்துக்காகத்தான், ஆனால் இன்னொருவனின் பணத்துக்காக. (1982-க்குப் பிறகு ரசிகர்கள் கேட்டதெல்லாம் இதைவிட ஒழுங்கான ஒன்றைத்தான். 2022 மார்ச்சில் லண்டனில் நடந்த ஜெனிசிஸின் கடைசி நிகழ்ச்சிக்கும் கேப்ரியல் வந்தார், மேடைக்கு அல்ல.)

எண்மர் கூடலுக்கு எடுத்துக்காட்டு யெஸ் என்ற குழு. அதன் முன்கதை இன்னும் சுவையானது. 1989-இல் நான்கு பழைய உறுப்பினர்கள் சேர்ந்தபோது குழுவின் பெயர் அவர்கள் கையில் இல்லை. ஆண்டர்சன், புரூஃபோர்ட், வேக்மன், ஹவ் என்று தங்கள் பெயர்களையே வரிசையாக எழுதி வழக்கறிஞர் அலுவலகம்போல் ஒரு பெயர் வைத்துக்கொண்டார்கள். 1991-இல் இந்த நால்வரும் பெயரை வைத்திருந்த தரப்பும் சேர்ந்து எட்டுப் பேராக மேடையேறினார்கள். இரண்டு கித்தார், இரண்டு விசைப்பலகை, இரண்டு டிரம்ஸ். மேடையில் கூடல் உண்மை. ஆனால் 'யூனியன்' என்று பெயரிட்டு வெளியிட்ட இசைத்தொகுப்பு தனித்தனியாகப் பதிந்தவற்றை ஒட்டியது, பல இடங்களில் கூலிக்கு வந்த கலைஞர்கள் வாசித்தது. ரிக் வேக்மன் அதை 'ஆனியன்' என்று கிண்டலடித்தார், கேட்டால் கண்ணீர் வருகிறதாம். தமிழில் வெங்காயம் என்று ஒருவர் அலுத்துக்கொண்டால் என்ன பொருளோ, அதுவும் சேர்ந்தே பொருந்துகிறது.

இப்போது கேட்பீர்கள், என் உரைகல்படி புதுப் பாடல் வந்துவிட்டதே, அது மீளிணைவா என்று. இல்லை. ஆகவே உரைகல்லைக் கொஞ்சம் திருத்திக்கொள்கிறேன்: சேர்ந்து உண்டாக்கிய புதுப் பாடல். 2005-இல் வான் டெர் கிராஃப் ஜெனரேட்டர் என்ற குழு தேறும். ட்ரீம் தியேட்டர் குழுவும் தேறும். அதன் டிரம்ஸ் கலைஞர் மைக் போர்ட்னாய் 2010-இல் விலகினார், 2023 அக்டோபரில் திரும்பினார், 2025 பிப்ரவரியில் புதுத் தொகுப்பு வெளிவந்தது. அது கலப்படமில்லாத மீளிணைவு.

'இணைவு என்றால் கட்சி வாசனை' என்று ஐயா எழுதியிருந்தார். 'தாய்க் கழகத்தில் மீண்டும் இணைந்தார்' என்று செய்தித்தாளில் படித்த பழக்கம். ஐயா, அதனால்தான் எனக்கு அது பிடித்திருக்கிறது. மனக்கசப்பில் வெளியேறுவது, பெயருக்கும் சின்னத்துக்கும் வழக்குப் போடுவது, ஒரு நாள் எதுவுமே நடக்காததுபோல் வந்து சால்வை போட்டுக்கொள்வது – இசைக்குழு வரலாறு இதைவிட நாகரிகமானது என்று எண்ண ஆதாரமில்லை. வினையாகவும் அது தடையின்றி ஓடுகிறது: மீளிணைந்தனர், மீளிணைவார்களா, மீளிணைய மறுத்தார். 'மீள்சந்திப்பு'க்கு இப்படி ஒரு வினைமுற்று எழுதிக் காட்டுங்கள் பார்க்கலாம்.

கிங் கிரிம்சன் குழுவைக் கூடல், மீளிணைவு இரண்டிலும் அடைக்க முடியாது. 1974-இல் ராபர்ட் ஃபிரிப் குழுவைக் கலைத்தார். 1981-இல் அதே பெயர் திரும்பியபோது பழைய ஆட்களில் அவரும் பில் புரூஃபோர்டும் மட்டுமே இருந்தார்கள், இசையே வேறாக ஒலித்தது. பழைய பாடல்களுக்காக யாரும் திரும்பவில்லை, பெயர் மட்டும் உடல் மாறி வந்தது. அதற்கு 'அவதாரம்' என்ற சொல் எல்லோர் வாயிலும் இருக்கிறது, புதிதாக ஒன்றும் வேண்டாம்.

இந்தக் குழுக்களின் இசைவகையைக் குறிக்கும் 'புரோக்ரசிவ்' என்பதற்கு 'முற்போக்கு' போடலாமா என்ற கிளைவிவாதத்தில் நான் இறங்கப் போவதில்லை. முற்போக்கு இசைக்குழு என்று எழுதினால் செங்கொடியும் பறையுமாகத் தெருமுனையில் நிற்பவர்கள்தான் கண்ணில் வருவார்கள். இருபது நிமிடம் மெல்லோட்ரான் என்ற விசைப்பலகைக் கருவியை வாசிப்பவர்கள் வரமாட்டார்கள். அதற்குத் தனி இழை தொடங்குங்கள்.

மீதமிருப்பது ரஷ் என்ற மூவர் குழு. அதன் டிரம்ஸ் கலைஞர் நீல் பியர்ட் 2020 ஜனவரியில் மறைந்தார். கெடி லீயும் அலெக்ஸ் லைஃப்சனும் அனிகா நில்லெஸ் என்ற டிரம்ஸ் கலைஞரோடு 2026-இல் பயணம் போவதாக 2025 அக்டோபரில் அறிவித்தார்கள். பலரும் இதை ரீயூனியன் என்றே எழுதுகிறார்கள். லீயும் லைஃப்சனும் பிரியவே இல்லை, ஊடல் இல்லாததால் கூடல் என்று சொல்ல மனம் வரவில்லை. மூவர் என்று எண்ணிக்கை போடவும் கை வரவில்லை. இருவர் என்று எழுதினால் புதிதாக வந்தவருக்கு அநியாயம்.

சொற்பட்டியலில் 'கூடல்', 'மீளிணைவு' இரண்டையும் வெள்ளிக்கிழமை ஏற்றிவிடுகிறேன், அதற்குள் மறுப்பிருந்தால் எழுதுங்கள். ரஷ் எடுத்துக்காட்டுக்கு எதிரே இடம் வெறுமையாக இருக்கும். ஐயா ஏதாவது சொன்னால் நிரப்பலாம்.

அன்புடன்.